280 யூரோ, ஒரு தனி அறை, வாரத்துக்கு 30 மணி நேரம்: ஜெர்மனி ஓ பேர் ஆண்டு குறித்து ஒரு மதிப்புரை

2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் முடிய, ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய இரண்டு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் ஓ பேராக இருந்துவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பினேன். திரும்பிய நாள் முதல், கல்லூரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் தங்கைகளும் அவர்களுடைய பெற்றோர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: பணம் கட்டலாமா, பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா, போனால் அப்படியே அங்கே தங்கிவிட முடியுமா? ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லி வந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன். நான் மதிப்பிடுவது இரண்டை: ஜெர்மனியின் விதிகளுக்கு உட்பட்டு நடக்கும் ஓ பேர் திட்டம் ஒன்று, அதற்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லிச் சென்னையில் என்னிடம் பணம் வாங்கிய ஆலோசனை நிறுவனத்தின் சேவை மற்றொன்று. முதலாவதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். இரண்டாவதை ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓ பேர் என்பது பிரெஞ்சுச் சொல். 'சமமாக' என்று பொருள். ஒரு வெளிநாட்டு இளைஞரோ இளம்பெண்ணோ ஒரு குடும்பத்தின் வீட்டில் அவர்களுள் ஒருவராகத் தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதிலும் சிறு வீட்டு வேலைகளிலும் கைகொடுத்து, பதிலுக்கு உணவும் இடமும் கைச்செலவுக்குப் பணமும் மொழி கற்கும் வாய்ப்பும் பெறுவதே இந்த ஏற்பாடு. ஐரோப்பிய கவுன்சில் 1969-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கொண்டுவந்த ஒப்பந்தம், ஓ பேராக இருப்பவர் மாணவரும் அல்லர், தொழிலாளியும் அல்லர், இரண்டின் தன்மையும் கலந்த தனி வகையினர் என்று வரையறுத்தது. ஜெர்மனி அதில் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டு, முறைப்படி ஏற்காமல், ஏறத்தாழ அதே வடிவில் தன் சொந்த விதிகளை வைத்திருக்கிறது. இந்த 'சமமாக' என்ற சொல்லை நான் புறப்படும்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓராண்டு முழுவதும் நல்லதையும் கெட்டதையும் அளந்து பார்க்க அந்தச் சொல்தான் எனக்கு அளவுகோலாக இருந்தது.

என் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம். மொழி வகுப்புக்கென்று குடும்பம் தரும் பங்கு மாதம் 70 யூரோ. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 மணி நேரமும் வாரத்துக்கு அதிகபட்சம் 30 மணி நேரமும் வேலை. இரவில் பெற்றோர் வெளியே செல்லும்போது குழந்தைகளுக்குக் காவலாக வீட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, நான்கு மாலைப் பொழுதுகள் சொந்த நேரம், மாதத்தில் ஒரு ஞாயிறாவது கட்டாய விடுமுறை, ஓராண்டுக்கு நான்கு வாரம் சம்பளம் பிடிக்காத விடுப்பு. மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் குடும்பத்தின் செலவு. தனி அறை கட்டாயம். முதியோரையோ நோயாளியையோ பராமரிப்பது ஓ பேரின் பணியில் சேராது. குறைந்தது ஆறு மாதம், கூடினால் ஓராண்டு. அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது, இன்னொரு முறை ஓ பேராகப் போகவும் முடியாது. இந்தத் தொகைகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், போகிறவர்கள் தங்கள் ஆண்டுக்குரிய எண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கேட்டது, "பிள்ளை பார்க்கிற ஆயா வேலைக்கா உன்னை பி.காம். படிக்க வெச்சோம்?" என்பதுதான். அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வெள்ளைக்காரக் குடும்பங்களோடு கப்பலேறிய ஆயாக்களின் வரலாறு நமக்கு உண்டு. கடல் பயணம் முழுவதும் குழந்தைகளைச் சுமந்துவிட்டு, லண்டன் போய்ச் சேர்ந்ததும் திரும்பி வரக் காசில்லாமல் கைவிடப்பட்ட பெண்கள் தங்குவதற்காகவே ஹாக்னி பகுதியில் 1900 முதல் ஆயாக்கள் இல்லம் என்று ஒன்று இயங்கியது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நம் பெண்கள் பிள்ளை வளர்க்கக் கடல் கடந்து போவது என்றால், அந்தப் பழைய நிலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதைக் காகிதத்திலும் நடைமுறையிலும் சோதித்துப் பார்க்க வேண்டியது நம் கடமை. நான் அந்தச் சோதனையைச் செய்தது போன பிறகுதான்; போவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

இனி ஆலோசனை நிறுவனம். நகரின் நடுப்பகுதியில், குளிரூட்டப்பட்ட அலுவலகமும் சுவரெல்லாம் ஐரோப்பியக் கோட்டைகளின் படங்களுமாக இருந்த அந்த நிறுவனம், குடும்பம் தேடித் தருவது, ஆவணம் தயாரிப்பது, விசா நேர்காணலுக்குப் பயிற்சி தருவது என மூன்றுக்கும் சேர்த்து 1,35,000 ரூபாய் கேட்டது. முதல் தவணையாக 75,000 கட்டினோம். அப்பா அதற்காக எடுத்தது வைப்புநிதியில் போட்டிருந்த பணம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, ஜெர்மனியில் இயங்கும் ஏஜென்சி ஒன்று ஓ பேராக வருபவரிடமிருந்து 150 யூரோவுக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே வரம்பு போட்டிருக்கிறது என்பது. அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ 13,500 ரூபாய். ஏஜென்சியே இல்லாமல், குடும்பமும் ஓ பேரும் தாங்களாகவே இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வதையும் விதிகள் அனுமதிக்கின்றன. அந்த நிறுவனம் எனக்காகச் செய்தது, விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் எதுவும் வாங்காத ஓர் இணையதளத்தில் என் பெயரைப் பதிந்ததுதான்.

அதைவிட வருத்தம் தந்தவை இரண்டு. ஃபிராங்ஃபர்ட்டில் வாழும் சென்னைக் குடும்பம் ஒன்றை முதலில் காட்டி, "நம்ம ஆளுங்க, சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை, பயப்படாம போகலாம்" என்றார்கள். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் விதி வேறு. குடும்பத்தில் ஜெர்மன் மொழி தாய்மொழியாகவோ வீட்டு மொழியாகவோ பேசப்பட வேண்டும். தாய்மொழியாக இல்லாமல் வீட்டு மொழியாக மட்டும் இருந்தால், அந்தப் பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்தே ஓ பேரை வரவழைக்க முடியாது. மொழி கற்பதற்கான ஏற்பாட்டில் இது நியாயமான நிபந்தனை. வெளிநாட்டில் இருக்கும் சொந்த ஊர்க் குடும்பங்கள் குறைந்த செலவில் வேலைக்கு ஆள் எடுப்பதையும் இது தடுக்கிறது. விண்ணப்பித்திருந்தால் மறுக்கப்பட்டிருக்கும், விசா கட்டணமும் காலமும் போயிருக்கும். இரண்டாவது, 'ஏன் ஓ பேராகச் செல்ல விரும்புகிறேன்' என்று நான் எழுத வேண்டிய கடிதத்தை அவர்களே எழுதிக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்ணின் கையில் இருந்ததும் ஊரும் பெயரும் மட்டும் மாறிய அதே கடிதம். என் சித்தி மகனை நான் வளர்த்த கதையை எழுதி அந்தக் கடிதத்தை நானே புதிதாகத் தயாரித்தேன். அந்த வாரமே நிறுவனத்திலிருந்து விலகிக்கொள்வதாக எழுத்தில் கொடுத்தேன். இரண்டாம் தவணையைக் கட்டவில்லை. முதல் தவணை திரும்பி வரவில்லை.

விசாவுக்கு வேண்டிய ஜெர்மன் மொழித் தகுதி ஏ1, அதாவது தொடக்க நிலை. நான் படித்தது நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள கோத்தே நிலையத்தில், நம் ஊரில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் அறியப்படும் இடத்தில். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள் கொண்ட தேர்வு, நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. மனப்பாடம் செய்து தேர்வில் தேறுவது முடியாத காரியமல்ல என்றாலும், மூன்று வயதுக் குழந்தை அழுதுகொண்டே ஏதோ சொல்லும்போது மனப்பாடம் உதவாது. ஏ1 போதும் என்று விதி சொன்னாலும் அடுத்த படியான ஏ2 வரை படித்துவிட்டுப் போங்கள் என்பதே என் ஆலோசனை. விசாவுக்கான கட்டணம் 75 யூரோ. அந்த நேர்காணலில் எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. குடும்பத்தில் எத்தனை குழந்தைகள், அவர்களுடைய வயது என்ன, என் ஒரு நாள் எப்படி இருக்கும், திரும்பி வந்து என்ன செய்யப் போகிறேன் என்பவற்றை எளிய ஜெர்மனில் சொல்லத் தெரிந்திருந்தால் போதுமானதாக இருந்தது. எனக்கு விசா வர ஏழு வாரங்கள் ஆயின.

மூன்ஸ்டர் குடும்பத்தை நானே தேடிக்கொண்டேன். ஒப்பந்தத்துக்கு முன் ஐந்து முறை காணொளியில் பேசினோம். அவர்களிடம் முன்பு இருந்த ஓ பேரின் தொடர்பைக் கேட்டேன், தயங்காமல் தந்தார்கள். அந்த ஜார்ஜியப் பெண்ணிடம் அரை மணி நேரம் பேசியதில் கிடைத்த தெளிவு, சென்னை நிறுவனத்துக்கு மூன்று மாதம் நடந்ததில் கிடைக்கவில்லை. ஒரு குடும்பம் முந்தைய ஓ பேரின் தொடர்பைத் தர மறுத்தால், அந்தக் குடும்பத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு மூன்று. காலை ஏழு மணிக்கு இருவரையும் எழுப்பி, ரொட்டியும் பழமும் கொடுத்து, முன்பக்கம் பெட்டி வைத்த நீளமான சைக்கிளில் உட்காரவைத்து மழலையர் பள்ளியில் கொண்டுபோய் விடுவேன். மூன்ஸ்டர் சைக்கிள்களின் நகரம். பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தில், நகரின் மையத்தைச் சுற்றி நாலரைக் கிலோமீட்டருக்கு மரங்கள் அடர்ந்த சைக்கிள் பாதை வட்டமாகச் செல்கிறது. ஒன்று மழை பெய்யும், இல்லையேல் தேவாலய மணி அடிக்கும், இரண்டும் சேர்ந்தால் அன்று ஞாயிறு என்று அவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள். நவம்பரில் அது உண்மை என்று புரிந்தது. மதியம் மூன்று மணிக்குக் குழந்தைகளை அழைத்து வந்து விளையாட்டுத் திடல், ஆறு மணிக்கு இரவு உணவு, ஏழரைக்குப் படுக்கையில் ஒரு கதை. இரவு உணவு என்பது பெரும்பாலும் ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய். அடுப்பே பற்றவைக்காத இரவு உணவு. முதல் மாதம் அது எனக்குச் சாப்பிட்டதாகவே தோன்றவில்லை. அக்டோபரில் ஈழத் தமிழர் நடத்தும் கடை ஒன்றைக் கண்டுபிடித்து அரிசியும் பருப்பும் வாங்கிவந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் சாம்பார் சாதம் அந்த வீட்டின் வழக்கமாயிற்று.

இந்த ஆண்டின் சாரம் என்று நான் கருதுவது நேரக் கணக்கைப் பற்றியது. முதல் இரண்டு மாதங்களில் வேலை நேரம் எனக்கே தெரியாமல் வளர்ந்துகொண்டு போனது. அவர்கள் கட்டளையிட்டதால் அல்ல. என் ஓய்வு நேரத்தில் குழந்தை அறைக் கதவைத் தட்டினால் நான் திறப்பேன். பாத்திரங்கள் கிடந்தால் எடுத்துத் துலக்குவேன். சனிக்கிழமை மாலை அவர்கள் தயங்கியபடி கேட்டால் சரி என்று தலையாட்டுவேன். நம் வீட்டில் பெண் பிள்ளை அப்படித்தான் வளர்கிறாள். வீட்டு வேலைக்கு மணிக்கணக்கு பார்ப்பவளை நாம் குடும்பத்துப் பெண் என்று சொல்வதில்லை. ஒரு சிறு நோட்டில் நேரத்தைக் குறித்து வரும்படி ஜார்ஜியப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். அக்டோபர் கடைசி வாரத்தைக் கூட்டிப் பார்த்தபோது 37 மணி நேரம் வந்தது.

இரண்டு நாள் தயங்கிவிட்டு, நோட்டை அந்த வீட்டு அம்மாவிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்டார். ஆனால் எனக்குத் தைத்தது அதற்குப் பிறகு அவர் சொன்னது. "நீ சொல்லாவிட்டால் நாங்கள் உன்னை வேலைக்காரியாக ஆக்கிவிடுவோம். நீ சொல்ல வேண்டும், அப்போதுதான் நீ இந்த வீட்டுப் பெண்" என்றார். அன்று இரவு நான் நினைத்தது எங்கள் வேளச்சேரி வீட்டில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்யும் அக்காவை. "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று அவரிடம் அம்மா எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்போடு சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் பெரும்பாலும் வந்தது, விருந்தாளி வருகிறார்கள் என்று அவரை ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்லும்போது. குடும்பத்தில் ஒருவர் என்பதை நம் வீட்டில் கணக்கு பார்க்காமல் இருப்பதற்குக் காரணமாகச் சொல்கிறோம். அந்த வீட்டில் கணக்கை ஒழுங்காக வைத்ததால்தான் நான் குடும்பத்தில் ஒருத்தியாக இருக்க முடிந்தது. மறுநாளே குளிர்பதனப் பெட்டியின் கதவில் வார அட்டவணை ஒன்று ஒட்டப்பட்டது. என் ஓய்வு நேரம் அதில் பச்சை நிறத்தில் இருந்தது; எழுதப் படிக்கத் தெரியாத மூன்று வயதுக்காரன்கூட, பச்சை என்றால் என் கதவைத் தட்டக் கூடாது என்று கற்றுக்கொண்டான்.

இந்த விதிகளை வீட்டுக்குள் வந்து யாரும் சோதிப்பதில்லை. இதுவே இந்தத் திட்டத்தின் பெரிய குறை. மொழி வகுப்பில் என்னோடு படித்த கொலம்பியப் பெண் ஒருத்தி, வேறொரு ஊர்ப்புற வீட்டில் நான்கு குழந்தைகளைப் பார்த்ததோடு மூன்று மாடி வீடு முழுவதையும் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வகுப்புக்குப் பாதி நாட்கள் வர முடியவில்லை. குடும்பத்தை மாற்றிக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஒப்புதலோடு, எஞ்சிய மாதங்களுக்கு வேறு குடும்பத்துக்குப் போகலாம். ஆனால் தங்கியிருக்கும் வீடும் குறை சொல்ல வேண்டிய வீடும் ஒன்றாக இருக்கும்போது, பத்தொன்பது வயதுப் பெண் எங்கிருந்து துணிவாள்? பொறுப்பான ஏஜென்சி ஒன்று நடுவில் இருப்பதன் பயன் இங்கேதான். ஜெர்மனியில் ஓ பேர் ஏஜென்சிகளுக்கென்று ரால் தரமுத்திரை ஒன்று உண்டு. அதைப் பெற்றவர்கள், சிக்கல் வந்தால் அந்தப் பெண்ணுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள். தனியாகக் குடும்பம் தேடிப் போனதில் எனக்குப் பணம் மிஞ்சியது. அந்தக் கொலம்பியப் பெண்ணைப் பார்த்த பிறகு, நான் எவ்வளவு பெரிய துணிச்சலை எடுத்திருக்கிறேன் என்பதும் புரிந்தது. தயக்கமுள்ள பிள்ளைகள் 150 யூரோ கொடுத்து, தரமுத்திரை பெற்ற ஜெர்மன் ஏஜென்சி வழியாகவே போகலாம்.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. எங்கள் வீடு தரைத்தளம். முந்தைய நாள் இரவு அம்மா அனுப்பிய கடைசிப் படத்தில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டிருந்தது. அதற்குப் பிறகு மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. ஏறத்தாழ முப்பது மணி நேரம் அப்பா அம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அன்று அந்த வீட்டு அப்பா அலுவலகத்துக்குப் போகவில்லை. குழந்தைகளை அவரே பார்த்துக்கொண்டார். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, வரைபடத்தில் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, செய்திகளைத் தேடிக்கொண்டே இருந்தார். மாடி வீட்டுக்காரர்களோடு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அம்மாவின் குரல் கேட்டபோது மூன்ஸ்டரில் நள்ளிரவு. அந்த வீட்டு அம்மாவும் தூங்காமல் காத்திருந்தார். வீட்டில் அழுகிப்போன பொருட்களுக்கு என்று ஒரு தொகையை நீட்டினார்கள், நான் வாங்கிக்கொள்ளவில்லை. திட்டத்தின் எந்த விதியிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லாக் குடும்பமும் இப்படித்தான் என்று நான் உறுதி சொல்லவும் முடியாது. எனக்கு இது நடந்தது என்பதை எழுதாமல் விட்டால் என் மதிப்புரை பொய்யாகிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, சேமிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 280 யூரோ என்பது அப்போது ஏறத்தாழ 25,000 ரூபாய். சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் தங்குமிடமும் உணவும் போக மிச்சம் என்று தோன்றும். ஆனால் நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் வட்டார ரயில்களிலும் செல்லுபடியாகும் மாதப் பயணச்சீட்டு அன்று 49 யூரோ. கைப்பேசி, குளிருக்கான காலணி, மழைச்சட்டை எல்லாம் அதே பணத்திலிருந்துதான். விமானக் கட்டணமும் என்னுடையது. நகராட்சியின் வயதுவந்தோர் கல்வி நிலையத்தில் நான் சேர்ந்த மொழி வகுப்புக்குக் குடும்பம் தந்த 70 யூரோ முழுமையாகப் போதவில்லை. ஊருக்கு ஒரு ரூபாயும் அனுப்பவில்லை, ஊரிலிருந்தும் ஒரு ரூபாயும் வாங்கவில்லை என்ற நிலையில் ஆண்டை முடித்தேன். வீட்டுக் கடனை அடைக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்தத் திட்டம் உதவாது. அதை அவளிடம் மறைத்துப் பணம் வாங்குவது பெரும் அநியாயம்.

மொழியைப் பொறுத்தவரை, இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. குழந்தைகள் திருத்துவதற்குக் கூச்சப்படுவதில்லை. ஜெர்மனில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பாலா பெண்பாலா என்று குறிக்கும் சொல்லைத் தவறாகச் சொன்னால், மூத்தவள் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சரியானதைச் சொல்லி, நான் திரும்பச் சொல்லும்வரை காத்திருப்பாள். நவம்பர் 11 அன்று புனித மார்ட்டின் நாளில் குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்தித் தெருவில் பாடிக்கொண்டு போனார்கள், பதினைந்து நாள் கழித்துக் கார்த்திகை தீபத்தன்று நான் சன்னலோரம் அகல் வைத்தபோது, "உன் ஊரிலும் மார்ட்டினா?" என்று அவள் கேட்டாள். அண்ணாமலையார் கதையை என் உடைந்த ஜெர்மனில் அவளுக்குச் சொல்ல முயன்ற அந்த இருபது நிமிடம், எந்தப் பாடப்புத்தகமும் தராத பயிற்சி. திரும்பி வருவதற்கு முன் பி1 தேர்வில் தேறினேன்.

தனிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் அதிகம் அஞ்சுவது அதை. மூன்ஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஹாம் நகரம்; அங்கே ஊன்ட்ரோப் பகுதியில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-ல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயில், ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களுள் ஒன்று. முதல் முறை போனபோது தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே கோபுரத்தைப் பார்த்து நின்ற என்னை, ஒரு வயதான அம்மா, "இந்தியாவோ பிள்ளை? தனியவோ இருக்கிறீங்கள்?" என்று கேட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அவர் அகதியாக வந்து சேர்ந்தவர். ஓராண்டில் திரும்பிவிடலாம் என்று தெரிந்தே வந்த என் தனிமை எவ்வளவு சிறியது என்பதை அவருடைய கதை எனக்குக் காட்டியது. கோடையில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு மூன்ஸ்டர் குடும்பம் முழுவதையும் அழைத்துப் போனேன். பல்லாயிரம் பேர் கூடிய அந்த வீதியில், இளையவன் என் தோளில் உட்கார்ந்து வடம் இழுப்பவர்களைப் பார்த்தான்.

போனால் அங்கேயே தங்கிவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஓ பேர் விசா ஓராண்டோடு முடிகிறது. அதன் பிறகு தன்னார்வச் சமூகப்பணி ஆண்டுக்கோ, செவிலியர் பயிற்சி போன்ற மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிக்கோ மாறுகிறவர்கள் உண்டு. என் வகுப்பிலேயே இருவர் அப்படி மாறினார்கள். ஆனால் அவை வேறு அனுமதி, வேறு மொழித் தகுதி, வேறு ஒப்பந்தம். ஒன்று கிடைத்ததால் மற்றது தானாகக் கிடைக்காது. 'ஓராண்டுக்குப் பிறகு நர்சிங் பயிற்சி உறுதி' என்று சென்னையில் யார் சொன்னாலும், அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். நான் திரும்பியது, குழந்தைகளோடு வேலை செய்வதுதான் எனக்கு ஏற்ற தொழில் என்று அங்கே தெளிந்து, இங்கே சிறப்புக் கல்வியில் பட்டம் படிக்கச் சேர்ந்ததால். வணிகவியல் முடித்துவிட்டு ஒரு கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தெளிவு வந்திருக்காது.

யார் போகலாம் என்று கேட்டால், சிறு பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருக்க உண்மையிலேயே பிடித்திருப்பவர்கள் போகலாம். அது இல்லாதவர்களுக்கு இந்த ஆண்டு தண்டனையாக முடியும், குழந்தைகளுக்கும்தான். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து படித்து, புரியாததைக் குடும்பத்திடமே கேட்கத் துணிபவர்கள் போகலாம். விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 27 ஆகியிருக்கக் கூடாது. மொழி வகுப்பு, தேர்வு, குடும்பத் தேடல், விசா என்று எனக்குப் பத்து மாதங்கள் பிடித்தன. ஜெர்மனியில் பள்ளி ஆண்டு கோடை விடுமுறைக்குப் பின் தொடங்குவதால், ஆகஸ்ட், செப்டம்பரில் ஓ பேர் வந்து சேர வேண்டும் என்று பல குடும்பங்கள் விரும்புகின்றன. ஆகவே அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள் இந்த ஆண்டு ஐப்பசிக்குள் ஏ1 வகுப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.